ஐஸ்பழப் பெட்டி முதல் டீப் பிறீசர் வரை: எமது தீவில் குளிரின் கதை

எமது பாடசாலை நூற்றாண்டு விழாக் காணும் இவ்வேளையில், இம்மலரின் மற்றைய பக்கங்களில் அதிபர்களின் சேவையும் கட்டடங்களின் கதையும் பரீட்சைப் பெறுபேறுகளும் இடம்பெறுகின்றன. நாங்கள் எழுத எடுத்துக்கொண்டது சிறிய விடயம்: ஐஸ்கிறீம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இறுப்பிட்டியில் ஒரு கரண்டி ஐஸ்கிறீம் உருகாமல் ஒரு பிள்ளையின் கைக்கு வருவதற்குப் பாதை வேண்டும், மின்சாரம் வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், சண்டை இல்லாத நாளும் வேண்டும். இந்த நான்கும் எமது ஊருக்கு எப்போது வந்தன, எப்போது போயின என்று பார்த்தால், ஊர் வரலாற்றின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

எம்மில் பலர் இன்று சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும் வாழ்கிறோம். எங்கள் வீட்டுப் பிறீசர்களில் ஐஸ்கிறீம் இல்லாத நாள் இல்லை. ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு பிறிட்ஜ் வாங்கிக் கொடுத்தவர்களும் பலர். ஆகவே வரலாற்றோடு, வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், ஐஸ்கிறீமையும் உறைய வைத்த யோகட்டையும் எப்படித் தெரிந்து வாங்குவது, எப்படி வைத்திருப்பது, எப்படி ரசித்துச் சாப்பிடுவது என்பதையும் சொல்லி முடிக்க விரும்புகிறோம்.

ஐஸ் வருவதற்கு முன்

எங்கள் பாட்டிமார் படித்த காலத்தில் ஊரில் குளிர்ச்சி என்றால் அது மண்கூசாவில் இருந்த தண்ணீர். மண்பாத்திரத்தின் நுண்ணிய துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வீசும் திண்ணையில் வைத்த கூசா வெளி வெப்பத்தைவிடப் பல பாகை குளிர்ந்திருக்கும். இதற்கு மேல் நுங்கு, இளநீர், மோர். கோடையில் வயிற்றைக் குளிர்விக்க இவை போதுமாயிருந்தன.

குறைவாக இருந்தது தண்ணீர்தான். புங்குடுதீவின் கிணறுகள் பலவற்றில் உவர் நீர். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்ததை எமது மூத்த மாணவிகள் எல்லோரும் அறிவார்கள். பிற்காலத்தில் வேலணைச் சாட்டிப் பகுதியின் நன்னீரும் பவுசர்களும் கைகொடுத்தன. ஐஸ் என்பது உறைந்த தண்ணீர். குடிக்கவே நீர் எண்ணி எடுத்த ஊரில் ஐஸ் செய்யும் எண்ணம் யாருக்கும் வந்திருக்க நியாயமில்லை.

கடல் கடந்து வந்த குளிர்

எமது பகுதி உலகுக்கு ஐஸ் முதலில் கப்பலில் வந்தது என்பது இன்று நம்ப முடியாத செய்தி. 1833 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வணிகர் பிரடெரிக் ரியூடர், குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, ரஸ்கனி என்ற கப்பலில் 180 தொன் அளவில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். மரத்தூளும் வைக்கோலும் போன்றவற்றால் வெப்பம் புகாமல் பொதிந்து அனுப்பியதால், வந்து சேர்ந்தபோதும் ஏறக்குறைய 100 தொன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அந்த வணிகத்துக்காகக் கட்டிய களஞ்சியம்தான் ஐஸ் ஹவுஸ். 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது. யந்திரங்களால் உள்ளூரிலேயே ஐஸ் செய்ய முடிந்தபோது அந்தக் கப்பல் வணிகம் மறைந்தது. கொழும்பில் 1866 இல் தொடங்கிய ஐஸ் கம்பனியே பின்னாளில் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் ஆகி, யானைச் சின்னத்தோடு எலிபன்ட் ஹவுஸ் என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்டது.

ஐஸ் இருந்தால் மட்டும் ஐஸ்கிறீம் வராது. ஐஸ் 0 பாகையில் உருகும்; பாலும் சீனியும் கலந்த கலவை உறைவதற்கு அதைவிடக் குளிர் வேண்டும். அதற்கு உதவியது உப்பு. ஐஸ் தூளோடு உப்பைச் சரியான அளவில் சேர்த்தால் அக்கலவை மறை 21 பாகை வரை இறங்கும். 1843 இல் அமெரிக்கப் பெண்மணி நான்சி ஜோன்சன் கைப்பிடி சுழற்றும் ஐஸ்கிறீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். வெளி வாளியில் ஐஸும் உப்பும், உள் வாளியில் பாற்கலவை, நடுவில் சுழலும் துடுப்பு. ஆனையிறவு உப்பளம் இருந்த குடாநாட்டில் உப்புக்குக் குறைவில்லை. இல்லாதிருந்தது ஐஸ்.

பாதை வந்தது, ஐஸ்பழம் வந்தது

புங்குடுதீவார் கடை வைக்காத நகரம் தென்னிலங்கையில் குறைவு. கொழும்பிலே சாப்பாட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் நடத்திய எமது தந்தைமாரும் மாமன்மாரும் அங்கே குளிர்பானத்தையும் ஐஸ்கிறீமையும் கண்டவர்கள், விற்றவர்கள். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின் விடுமுறைக்கு ஊர் வருவது இலகுவாயிற்று. பிஸ்கற் தகரமும் உடுப்பும் விளையாட்டுச் சாமானும் அவர்களோடு வந்தன. ஐஸ்கிறீம் மட்டும் கதையாகவே வந்தது. புகையிரதத்திலும் பஸ்ஸிலும் ஒரு பகலைத் தாண்டி அது எப்படி வரும்?

அதற்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். பண்ணைப் பாலம் யாழ்ப்பாணத்தை வேலணையோடு இணைத்தது. வாணர் தாம்போதி வேலணையைப் புங்குடுதீவோடு இணைத்தது. வள்ளத்தை நம்பியிருந்த ஊருக்கு பஸ் வந்தது. யாழ்ப்பாணத்துக் கூல்பாரில் பளிங்குக் கிண்ணத்தில் ஐஸ்கிறீமும் ஜெலியும் பழத்துண்டுகளும் வேபரும் அடுக்கித் தரும் ‘ஸ்பெசல்’, நல்லூர்த் திருவிழாவின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. லிங்கன், சுபாஸ், றியோ என்ற பெயர்களை இங்கே எழுதும்போதே பல பழைய மாணவிகளுக்கு நாக்கில் வனிலா மணக்கும்.

ஊருக்குள் வந்தது ஐஸ்பழம். சைக்கிள் கரியரில் கட்டிய மரப்பெட்டி, உள்ளே வெப்பம் புகாத தடுப்பு, ரப்பர் ஹோர்ன் சத்தம். யாழ்ப்பாணத்திலிருந்து எமது ஊர் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். வெய்யில் ஏறமுன் வந்தவரிடம் வாங்கினால் கட்டியாக இருக்கும். பின்னேரம் வாங்கினால் குச்சி மட்டும் கையில் மிஞ்சும். பாலும் கொழுப்பும் அதில் பெரும்பாலும் இல்லை. தண்ணீர், சீனி, நிறம், வாசனை, அவ்வளவே. பாடசாலை வாசலில் அதை வாங்க வேண்டாம் என்று ஆசிரியைகள் கண்டித்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தது என்பது எவருக்கும் தெரியாது.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. நெருப்புக்காய்ச்சல் கிருமி ஐஸில் உயிரோடு தூங்கும். 1946 இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற கடற்கரை நகரில், கிருமி தொற்றிய ஐஸ்கிறீமால் இருநூறுக்கு மேற்பட்டோர் நெருப்புக்காய்ச்சலில் விழுந்தனர். அதன் பின்னரே, 1947 இல், ஐஸ்கிறீம் கலவையைக் காய்ச்சிய பிறகே உறைய வைக்கவேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது. எங்கள் ஆசிரியைகளின் கண்டிப்பு வீணானதல்ல.

மின்சாரம் போன காலம்

1990 இல் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குத் தென்னிலங்கையிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. 1991 ஒக்ரோபரில் இராணுவம் புங்குடுதீவுக்கு வந்தபோது ஊர் பெரும்பாலும் இடம்பெயர்ந்தது. எமது வயதினர் அப்போது ஆரம்ப வகுப்புகளில் இருந்தோம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் எங்கள் படிப்புத் தொடர்ந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். எரிபொருள், பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டிருந்தது. வசதியான வீடுகளில் இருந்த பிறிட்ஜ்கள் உடுப்பு வைக்கும் அலமாரியாகவும் எலி போகாத அரிசிப் பெட்டியாகவும் மாறின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவற்றை எவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அந்த ஆண்டுகளில் ஐஸ்கிறீம் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதை ஒரு பெரிய இழப்பென்று நாங்கள் சொல்லப்போவதில்லை; அப்போது இழந்தவை அதைவிட மிகப் பெரியவை. ஆனால் ஐஸ்கிறீமுக்கு வேண்டிய அதே குளிர் வேறொன்றுக்கும் வேண்டியிருந்தது. குழந்தைகளின் தடுப்பூசி.

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்கவேண்டும். போலியோ சொட்டு மருந்து வெப்பத்தால் மிக விரைவில் கெடும். நீண்டகாலம் வைக்க மறை 20 பாகை வேண்டும். முக்கூட்டுத் தடுப்பூசியோ உறைந்தால் கெட்டுவிடும். ஆகவே குளிர் வேண்டும், அதுவும் அளவாக வேண்டும். மின்சாரம் இல்லாத இடங்களுக்கென்று மண்ணெண்ணெயில் ஓடும் பிறிட்ஜ்களும், உள்ளே ஐஸ் பொதி அடுக்கிய கைப்பெட்டிகளும் உலகெங்கும் பயன்பட்டன. கைப்பெட்டியைத் தூரத்தில் கண்டால் ஐஸ்பழப் பெட்டி என்றே எண்ணத் தோன்றும். 1995 இல் தேசிய போலியோ தடுப்பு நாட்கள் தொடங்கியபோது, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்களும் இருந்தன. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993 இல். 2014 மார்ச்சில் எமது தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. போருக்குள்ளும் அந்தக் குளிர்ச்சங்கிலியை அறாமல் காத்த குடும்பநல உத்தியோகத்தர்களையும் தாதியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் இம்மலரில் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அவர்களில் எமது பாடசாலைகளில் படித்தவர்களும் உண்டு.

திரும்பி வந்த குளிர்

2002 இல் ஏ9 பாதை திறந்தது. 2006 இல் மூடியது. போர் முடிந்த பின் மீண்டும் திறந்தது. 2013 அளவில் யாழ்ப்பாணம் மறுபடி தேசிய மின்வலையோடு இணைந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகும் யாத்திரிகர் எமது தீவைக் கடந்துதான் குறிகட்டுவான் துறைக்கு வருகிறார்கள். அந்தப் பாதையோரக் கடைகளிலும் கண்ணாடி மூடியிட்ட டீப் பிறீசர்கள் வந்துவிட்டன. பூட்டிய வீடுகளும் பற்றைகளும் நிறைந்த ஊரில், ஒரு பிறீசர் இரவில் உறுமும் சத்தம் கேட்டால் அங்கே யாரோ வாழ்கிறார்கள் என்று பொருள்.

வந்த குளிர் நிலைத்து நிற்குமா என்ற கேள்வியும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே டீசல் யந்திரங்களை நம்பியிருந்தன. அங்கே சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த மின்திட்டத்துக்கு 2024 இல் இந்திய உதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

தெரிந்து வாங்குதல்

இனி நடைமுறை. முதலில் பெட்டியின் பெயரைப் படியுங்கள். பாற்கொழுப்பால் செய்ததே ஐஸ்கிறீம். மரக்கறி எண்ணெய் சேர்த்தவற்றை ‘உறைந்த இனிப்பு’ என்ற வகையில் எழுதியிருப்பார்கள். இரண்டாவதாக நிறையைப் பாருங்கள். ஐஸ்கிறீம் கடையும்போது காற்று சேர்க்கப்படும். மலிவானவற்றில் பாதி காற்றாகவே இருக்கும். ஒரு லீற்றர் பெட்டி 500 கிராம் மட்டும் இருந்தால் நீங்கள் வாங்குவது அதிகம் காற்று. அதே அளவில் கனமானதுதான் பாற்சத்து மிக்கது.

மூன்றாவதாக உருகி மீண்டும் உறைந்ததை அறியுங்கள். மூடியின் உட்புறத்தில் பனித்தூள், பெட்டியின் ஓரத்தில் வழிந்து காய்ந்த பால், நசுங்கிய கோன், மேற்பரப்பில் மணல்போன்ற ஐஸ் பரல் ஆகியவை அடையாளங்கள். குளிர் ஒருமுறை அறுந்த பொருள் அது. மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில், விற்பனை நிறைய உள்ள கடையிலே வாங்குவது நல்லது.

உறைய வைத்த யோகட் 1970களில் அமெரிக்காவில் பரவியது. கொழுப்புக் குறைவு என்பது பெரும்பாலும் உண்மை. சீனி குறைவு என்பது அப்படியல்ல. புளிப்பை மறைக்க ஐஸ்கிறீம் அளவுக்கே சீனி சேர்ப்பார்கள். தயிர்க் கிருமிகள் உறைந்தாலும் ஒரு பகுதி உயிரோடிருக்கும், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதைச் சாட்டாக வைத்து இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டாம். பனங்கட்டி சேர்த்தால் நீரிழிவுக்குப் பரவாயில்லை என்று எமது ஊரில் சொல்லுவார்கள். பனங்கட்டியும் சீனிதான்.

வீட்டில் செய்ய விரும்புவோர் கெட்டித் தயிரைத் துணியில் வடித்து, சிறிது பனங்கட்டிப் பாகும் நறுக்கிய நுங்கும் சேர்த்து உறைய வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து மூன்று நான்கு தடவை அடித்தால் பரல் கட்டாது. வெளிநாட்டில் பிறந்த எமது பிள்ளைகள் நுங்கை ரசிக்க இது நல்ல வழி.

வைத்திருத்தல்

ஐஸ்கிறீமுக்கு மறை 18 பாகை வேண்டும். சாதாரண பிறிட்ஜின் மேற்தட்டு ஐஸ் அறை பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. அதில் வைத்தால் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பிறீசரின் கதவோரத்தில் வைக்காமல் அடியிலே பின்பக்கமாக வையுங்கள். பாதி எடுத்த பெட்டியில் மேற்பரப்பைப் பொலித்தீன் தாளால் ஒட்ட மூடினால் பரல் கட்டாது, மீன் மணமும் ஏறாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஊருக்குக் கொண்டுபோவதென்றால் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் இட்டு, அதன்மேல் ஒரு கைபிடி உப்பும் தூவுங்கள். முன்னர் சொன்ன நான்சி ஜோன்சனின் வாளி வேலை செய்த அதே முறைதான்.

மின்சாரம் போனால் கதவைத் திறவாதீர்கள். நிரம்பிய பிறீசர் திறக்காமல் விட்டால் 48 மணித்தியாலம் வரை குளிரைத் தாங்கும். பாதி நிரம்பியது 24 மணித்தியாலம். கீழ்ப்பகுதி பிறிட்ஜ் 4 மணித்தியாலமே தாங்கும். முழுதாக உருகிய ஐஸ்கிறீமை மீண்டும் உறைய வைத்துக் கொடுக்கவேண்டாம். வயோதிபருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது முக்கியம். லிஸ்ரீரியா என்ற கிருமி பிறிட்ஜ் குளிரிலும் பெருகக்கூடியது. 2015 இல் அமெரிக்காவில் ஐஸ்கிறீம் மூலம் பரவி மூவர் இறந்தனர். மெசினிலிருந்து கோனுக்குள் பிழிந்து தருவதை, மெசினின் சுத்தம் தெரியாவிட்டால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

இக்கட்டுரையில் எல்லோரும் கவனிக்கவேண்டியது இதுதான்: ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் பலர் இன்சுலின் போடுகிறவர்கள். ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் பிள்ளைகளோடு போய், பிறிட்ஜை ஐஸ்கிறீமாலும் குளிர்பானத்தாலும் நிரப்பி, குளிரை உச்சத்துக்கு ஏற்றி வைக்கிறோம். இன்சுலின் போத்தல் ஐஸ் அறைக்குள்ளோ அதன் சுவரோடு ஒட்டியோ போய்விடுகிறது. முக்கூட்டுத் தடுப்பூசியைப் போல இன்சுலினும் உறைந்தால் கெட்டுவிடும். உருகிய பின் பார்வைக்கு நல்லதுபோல் இருந்தாலும் அதை எறியவேண்டும். பயன்படுத்தினால் சீனி ஏறும், காரணம் தெரியாமல் மருந்தைக் கூட்டுவார்கள். புதிய போத்தல்களைச் சிறு டப்பாவில் இட்டு, பிறிட்ஜின் நடுத்தட்டில், சுவரில் படாமல் வையுங்கள். திறந்த போத்தல் பெரும்பாலும் நான்கு வாரம் வரை, 25 முதல் 30 பாகைக்கு மிகாத வெப்பத்தில், வெளியே இருக்கலாம். உங்கள் இன்சுலின் வகைக்கு எவ்வளவு காலம் என்பதைப் பெட்டித் தாளில் பாருங்கள். மின்வெட்டு நீண்டால், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், நீர் படாதபடி மூடிய டப்பாவில் வைத்து நிழலில் விடுங்கள். எமது பாட்டியின் கூசா செய்த வேலையை அது இன்றும் செய்யும்.

ரசித்தல்

பிறீசரிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் நாக்கு மரத்து, சுவை தெரியாது. ஐந்து பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். அவசரமாக விழுங்கும்போது நெற்றியில் சுரீரென வலிப்பது, மேலண்ணத்தில் குளிர் படுவதால் இரத்தக் குழாய்கள் திடீரெனச் சுருங்கி விரிவதால் வருவது. நாக்கை அண்ணத்தில் அழுத்தினால் சற்று நேரத்தில் போய்விடும். ஐஸ்கிறீம் சாப்பிட்டால் தடிமன் பிடிக்கும் என்று எங்களைத் தடுத்த அம்மாமாருக்கு இப்போது சொல்லலாம்: தடிமன் வைரசால் வருவது. தொண்டைச் சதை எடுத்த பிள்ளைகளுக்கு வைத்தியசாலையிலேயே ஐஸ்கிறீம் கொடுப்பது உண்டு. நீரிழிவு உள்ளவர்கள், வைத்தியரோடு பேசி, ஒரு சிறு கிண்ணத்தைச் சாப்பாட்டின் மாச்சத்துக்குப் பதிலாகக் கணக்கிட்டுச் சாப்பிடலாம். பிறந்தநாள் வீட்டில் ஒதுங்கி இருக்கத் தேவையில்லை.

நூற்றாண்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வழங்க எண்ணுவோர், தயாரிப்பாளரின் சுகாதாரச் சான்றிதழைப் பாருங்கள், தனித்தனிக் கப்பாக எடுங்கள், பிறீசர் வாகனத்திலோ ஐஸ் நிரப்பிய பெட்டியிலோ கொண்டுவாருங்கள், வழங்கும் நேரத்துக்குச் சற்று முன்னரே திறவுங்கள். விழாவுக்கு ஊர் வரும் பழைய மாணவிகள் எல்லோரும் தங்கள் வீட்டு பிறிட்ஜின் நடுத்தட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அயலில் தனியாக இருக்கும் ஆச்சியின் வீட்டு பிறிட்ஜையும் சேர்த்துப் பாருங்கள்.

எமது பாடசாலை இன்னும் பல நூற்றாண்டு சிறந்தோங்க வாழ்த்துகிறோம்.